சீனி வருத்தமுள்ள பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? எப்போது கொடுப்பது?

மாத்தளை மாவட்டத்தின் ரத்தோட்டை, எல்கடுவ, உக்குவளைப் பக்கத் தோட்டங்களில் விடியற்காலை என்பது அவசரமான நேரம். அம்மா மலைக்குப் போக வேண்டும். பிள்ளை ஏழரை மணிக்குப் பாடசாலையில் நிற்க வேண்டும். கோதுமை மா ரொட்டி இரண்டு, கட்டச் சம்பல் கொஞ்சம், சீனி போட்ட தேத்தண்ணி ஒரு கோப்பை. பெரும்பாலான வீடுகளில் காலைச் சாப்பாடு இதுதான். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு நீரிழிவு இருந்தால், இந்தக் காலைச் சாப்பாடே அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

நீரிழிவு என்றால் வயதானவர்களின் நோய் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அது வருகிறது. அதில் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு.

முதலாம் வகையில், உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுகிறது. இனிப்பு அதிகம் கொடுத்ததால் இது வருவதில்லை. தாயின் வளர்ப்பிலும் குற்றமில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் ஊசி வாழ்நாள் முழுவதும் தேவை. இரண்டாம் வகை, உடற்பருமனும் குடும்பத்தில் நீரிழிவும் உள்ள பதின்ம வயதினரிடம் காணப்படுகிறது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடிப்பது அதன் ஓர் அடையாளம்.

அடிக்கடி சிறுநீர் கழித்தல், தீராத தாகம், நன்றாகச் சாப்பிட்டும் மெலிதல், படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மீண்டும் நனைத்தல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். வாந்தி, வயிற்றுவலி, ஆழமான மூச்சு என்பன சேர்ந்துவிட்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. 1990 இலக்கத்திற்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை உண்டு.

பட்டினி மருந்தல்ல

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னர், நீரிழிவுள்ள பிள்ளைகளைப் பட்டினி போட்டே சில மாதங்கள் உயிரோடு வைத்திருந்தார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அன்றோடு அந்தப் பட்டினி வைத்தியத்தின் காலம் முடிவுக்கு வந்தது. ஆனால் நம் வீடுகளில் அது இன்னும் முடியவில்லை. "சோறு கொடுக்காதே, பழம் கொடுக்காதே" என்று சொல்லும் உறவினர்கள் ஏராளம்.

வளரும் பிள்ளைக்கு மாச்சத்து வேண்டும். நீரிழிவுள்ள பிள்ளைக்கென்று தனிச் சமையல் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் சாப்பிட வேண்டிய நல்ல சாப்பாடுதான் அதற்கும். கவனிக்க வேண்டியவை மூன்று: எவ்வளவு, எதோடு, எத்தனை மணிக்கு.

தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு பருப்பு, முட்டை அல்லது மீன், மீதிக் கால்பங்கு சோறு, ரொட்டி அல்லது இடியப்பம் என்று வைத்துக்கொள்வது இலகுவான கணக்கு. ஓடி விளையாடும் பிள்ளைக்கும் மெலிந்த பிள்ளைக்கும் மாச்சத்துப் பங்கு கூட வேண்டியிருக்கலாம். அதை வைத்தியரே இன்சுலின் அளவோடு பொருத்திச் சொல்வார்.

நாட்கூலியில் வாழும் வீட்டுக்கு இது எப்படி முடியும் என்று கேட்பது நியாயமே. வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை ஆகியவை பல வீடுகளின் ஓரத்திலேயே கிடைக்கின்றன. நெத்தலிக் கருவாடு, பருப்பு, கௌபி, கடலை, பாசிப்பயறு ஆகியவை இறைச்சியைவிட மலிவு. ரொட்டியை விட்டுவிட வேண்டியதில்லை. மாவில் பாதிக்குக் குரக்கன் மா சேர்த்து, சம்பலோடு மட்டும் நிறுத்தாமல் பருப்புக்கறியும் வைத்தால் இரத்தத்தில் சீனி மெதுவாக ஏறும். ஆனால் குரக்கனும் மாச்சத்துத்தான். "குரக்கன்தானே" என்று அளவின்றிக் கொடுக்கக் கூடாது. பலாக்காயும் மரவள்ளியும் சோற்றுக்குப் பதிலானவை. அவற்றைச் சோற்றுக்குக் கறியாக வைத்தால் மாச்சத்து இரட்டிப்பாகிவிடும்.

பழத்தைச் சாறாக்காமல் கடித்துச் சாப்பிடட்டும். ஒரு கொய்யா, ஒரு சிறிய வாழைப்பழம் போதும். சர்க்கரை, கித்துள் பாணி, தேன் எல்லாம் சீனியின் உறவுக்காரர்களே. "இயற்கையானது" என்பதால் அவை விதிவிலக்காகிவிடாது.

மென்பானப் போத்தலில் உள்ள நிறக் குறியைப் பார்க்கப் பிள்ளைக்கே பழக்குங்கள். 2016 இலிருந்து இலங்கையில் இது நடைமுறையில் உள்ளது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அப்படியான 400 மில்லிலீற்றர் போத்தலொன்றைக் குடித்தால், ஏறக்குறைய 9 தேக்கரண்டி சீனி உடம்புக்குள் போகிறது.

மணிக்கூட்டைப் பார்த்துச் சாப்பாடு

அரசாங்க வைத்தியசாலைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. காலையும் மாலையும் இரண்டு வேளை போடும் கலவை இன்சுலின் பெறும் பிள்ளைகள் பலர். இந்த ஊசி போட்ட பின் சாப்பாடு தவறக் கூடாது. காலையில் போட்ட ஊசி முற்பகலிலும் மதியத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆகவே பாடசாலை இடைவேளையில் அவித்த கடலையோ பயறோ பழமோ கட்டாயம் வேண்டும். விளையாட்டுப் பயிற்சி உள்ள நாளிலும், மலைப்பாதையில் நீண்ட தூரம் நடக்கும் நாளிலும் சற்றுக் கூடுதலாக வேண்டும். வகுப்பாசிரியரிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, எரிச்சல், தடுமாற்றம் ஆகியவை சீனி குறைந்ததற்கான அறிகுறிகள். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், சிறு பிள்ளைக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி, பதின்ம வயதினருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரிவராவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். சொக்லேட் இதற்கு உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

இடம்பெயர்ந்தவர்களுக்குத் தெரிந்த பாடம்

1983 ஜூலையில் மாத்தளை நகரம் எரிந்தது. முத்துமாரியம்மன் கோவிலும் தப்பவில்லை. இங்கிருந்து வன்னிக்குப் போய், அங்கும் போரைக் கண்ட குடும்பங்கள் உண்டு. முகாம் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு நிவாரணப் பொதி எப்படியிருக்கும் என்று தெரியும்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். கீரையில்லை, மீனில்லை. இன்று மண்சரிவு எச்சரிக்கை வந்து பாடசாலைக் கட்டிடத்தில் தங்க நேர்ந்தாலும் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

அப்படியான நாளில் பருப்பைப் பிள்ளைக்கு முதலில் ஒதுக்குங்கள். சீனியைத் தேநீரில் செலவழிக்காமல் பொட்டலம் கட்டிக் கையில் வைத்திருங்கள். சீனி குறையும்போது அதுவே மருந்து. குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டால் இன்சுலினைப் பொலித்தீன் பையில் நீர் புகாமல் கட்டி, ஈரமணல் சூழ்ந்த மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். வெயிலும் ஆகாது, உறையவும் கூடாது. திறந்த குப்பியை ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு மேல் பாவிக்க வேண்டாம். காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை சாப்பிடாவிட்டாலும் இன்சுலினை நீங்களாகவே முற்றாக நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் கேட்டு அளவை மாற்றுங்கள்.

பாவற்காயும் வெந்தயமும் கறியில் நல்லவை. ஆனால் கசாயத்தை நம்பி முதலாம் வகைப் பிள்ளைக்கு ஊசியை நிறுத்துவது உயிராபத்து. விரதமும் அப்படித்தான். அம்மன் பெயரால் பட்டினி கிடக்கும் முன் வைத்தியரைக் கேளுங்கள்.

ஒளிக்கும் வயது

பதின்ம வயதில் இன்னொரு சிக்கல் வருகிறது. "கலியாணம் பேசும்போது பிரச்சினை வரும்" என்று பெண்பிள்ளையின் நோயை வீட்டார் மறைக்கிறார்கள். அவளும் தோழிகள் முன் ஊசி போடாமல் விடுகிறாள். மெலிய வேண்டும் என்பதற்காகவே ஊசியைத் தவிர்ப்போரும் உண்டு. இனிப்புச் சாப்பிட்டதற்காக ஏசினால் அடுத்த முறை ஒளித்துச் சாப்பிடுவார்கள். அவ்வளவுதான் நடக்கும். தேர்த் திருவிழாவில் ஒரு துண்டு இனிப்புச் சாப்பிட்டால், அதை மறைக்காமல் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சாப்பாடு, ஊசி, சீனி அளவு மூன்றும் எழுதிய கொப்பி இருந்தால், கிளினிக்கில் ஐந்து நிமிடமே கிடைத்தாலும் வைத்தியரால் சரியாக முடிவெடுக்க முடியும்.

மாத்தளை மாவட்ட பொது வைத்தியசாலை கிளினிக்கிலோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலையிலோ சிங்களத்தில் சொல்வது விளங்காவிட்டால், தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். ஊசியின் அளவையும் சாப்பாட்டு நேரத்தையும் தமிழில் எழுதி வாங்குங்கள். மறுமுறை விளக்கிச் சொல்லும்படி கேட்பது உங்கள் உரிமை.

இன்று மாலையே செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. முழு வீடும் சீனியில்லாத வெறுந்தேநீர் குடிக்கத் தொடங்குவது. பிள்ளைக்கு மட்டும் ஒரு சட்டமென்றால் அது தண்டனை. எல்லோருக்கும் ஒன்றென்றால், அது வீட்டுப் பழக்கமாகிவிடும்.