மெய்கண்டார் அவையும் நூலாய்வுப் பயிற்சியும்

பெண்ணாடத்தில் அச்சுத களப்பாளர்க்கு மகனாகத் தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் மெய்கண்டார் என்பது சைவ மரபு. அக்குடியின் குருவும் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவருமான முதியவர் அவர் அவைக்கு வந்து, ஆணவத்தின் இயல்பு யாது என வினவினார். மெய்கண்டார் விடை கூறாது வினவியவரையே சுட்டினார் என்ப. தம் நிலை உணர்ந்த பண்டிதர் மாணாக்கராகி, அருள்நந்தி சிவாசாரியார் எனப் பெயர் பெற்றார். அவர்க்கு நூற்செய்தியில் குறையொன்றும் இருந்ததில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நடுவயதில் மீண்டும் கல்லூரி புகுந்த பெண்களை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் ஜாக் மெசிரோ, 1978இல் இதனோடு ஒப்பிடத்தக்க கொள்கையொன்றை வெளியிட்டார். புதுச் செய்தியைச் சேர்த்துக்கொள்வது வேறு. செய்தியை ஏற்கவும் தள்ளவும் செய்கின்ற உட்கோளே மாறுவது வேறு. பின்னதே உருமாற்றக் கற்றல். அது பெரும்பாலும் ஒரு திகைப்பிலிருந்து தொடங்கும்.

தகவலைத் தேடி மதிப்பிட்டுப் பயன்கொள்ளும் திறத்தைத் தகவல் எழுத்தறிவு என்பர். அதனைக் கற்பிப்போர் பலர், ஆசிரியர் யார், ஆண்டு யாது, பதிப்பகம் எது என வினவச் செய்வதோடு அமைந்துவிடுகின்றனர். சிவஞானபோதத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பன்னிரு சூத்திரங்களும் வடமொழி ரௌரவாகமத்திலிருந்து பெயர்த்தவை என்பது மாபாடியம் செய்த சிவஞான முனிவர் கொள்கை. தமிழே முதனூல் என்பது இருபதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் துணிபு. இரு திறத்தாரும் பெரும்புலவர்; ஆகலின் மேற்கூறிய வினாக்கள் இங்கே பயன்படா.

ந. ரா. பட் பதிப்பித்து, புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1961 முதல் வெளியிட்ட ரௌரவாகமத்தில் அச்சூத்திரங்கள் காணப்படவில்லை. இதனைக் கேட்டவுடன், தமிழ்ப்பற்று மிக்க மாணவர் வழக்கு முடிந்தது என்பார். அப்பகுதி அழிந்திருத்தலும் கூடுமன்றோ என்றால் முகம் வாடுவார். மரபில் ஊன்றியவரோ அக்கூடுமையையே சான்றாகப் பற்றிக்கொள்வார். 'இவ்விடை உமக்கு ஏன் இனித்தது?' என ஆசிரியர் வினவவேண்டிய இடம் இதுவே. மாணவர் தம் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. தம் பற்று எது, சான்று எது எனப் பிரித்தறிந்தபின் பழைய முடிவிலேயே நிற்பினும் அவர் வேறொருவராகவே நிற்கின்றார்.

மெய்கண்டாரைப் போல் அவையில் சுட்டுதல் நமக்கு ஆகாது. இளையோர் நாணி வாய்மூடுவர். நூல்களைத் திறக்குமுன் தாம் நம்புவதையும் அதன் காரணத்தையும் ஒரு தாளில் எழுதிவைக்கச் செய்து, ஆய்வு முடிந்தபின் அத்தாளை அவரிடமே திருப்பித் தருதல் தக்கது. ஆசிரியரும் உடன் எழுதுதல் வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் சுட்டப்பெற்றவர் குருவேயன்றோ! நூற்பட்டியலைப் புரட்டக் கற்பிப்பதற்கு இத்துணை முயற்சி வேண்டா. அதற்கு ஒரு பிற்பகல் போதும்.