குற்றாலத்துக்கு மூணாவது சீஸன்!

குற்றாலத்துக்கு எத்தனை சீஸன் என்று தென்காசிக்காரர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் "ரெண்டு" என்பார். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் சாரல் சீஸன். தோளில் துண்டு, கையில் ரம்புட்டான், ஐந்தருவியில் க்யூ, ராத்திரிக்கு பார்டர் பரோட்டா. அப்புறம் கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிகள் சீஸன். கறுப்பு வேட்டி, சரண கோஷம், மறுபடியும் க்யூ.

இரண்டுக்கும் நடுவே புரட்டாசி, ஐப்பசி என்று ஒரு இடைவேளை உண்டு. லாட்ஜ்காரர் வெள்ளையடிப்பார். கடைக்காரர் வரவு செலவு பார்ப்பார். குரங்குகள்கூட போரடித்துப்போய் உட்கார்ந்திருக்கும். மூணாவது சீஸன் தொடங்குவது இந்த நேரத்தில்தான். இந்த சீஸனுக்கு வருகிற விருந்தாளிகள் ரூம் கேட்பதில்லை. அருவியில் குளிப்பதில்லை. நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குவதில்லை. அதனாலேயே அவர்களை யாரும் கண்டுகொள்வதும் இல்லை!

வருகிறவை பருந்துகள். உள்ளூர்ப் பருந்து இல்லை ஸார். ரஷ்யா, கஜகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் தொடங்கியதும் மூட்டை கட்டுகிற பூனைப் பருந்துகள். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, மலையடிவாரம் தாண்டிக் கிழக்கே விரிகிற நெல்லைச் சீமைச் சமவெளி வரை வருகின்றன. பங்குனி, சித்திரை வரை தங்கிவிட்டுத் திரும்பிப் போகின்றன. ஒரு பறவையின் எடை பொதுவாக ஒரு கிலோவுக்குள்தான்.

இலஞ்சிப் பக்கம் டீக்கடை அண்ணாச்சி ஒருவரிடம் இதைச் சொன்னேன்.

"பருந்தா? கோழிக்குஞ்சு வளக்கவன்ட்ட கேளுங்க, கதை கதையாச் சொல்லுவான்."

"அது உள்ளூர் அண்ணாச்சி. நான் சொல்லுதது ரஷ்யாவுல இருந்து வாரது."

டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்து இங்க என்னத்தத் திங்கும்?"

"வெட்டுக்கிளி."

"வெட்டுக்கிளி திங்கவா இவ்வளவு தூரம்? பரோட்டா திங்க மதுரையில இருந்து கார் எடுத்துட்டு வாரவன் தேவலையே!"

அண்ணாச்சி சிரித்தாலும் விஷயம் நிஜம். பூனைப் பருந்துகளில் மாண்டேகு என்று ஒரு வகை உண்டு. நம் நாட்டுக்கு வந்தால் அதற்கு வெட்டுக்கிளிதான் முக்கியமான சாப்பாடு. ஜீரணமாகாத ஓட்டையும் காலையும் அது உருண்டையாகத் துப்பிவிட்டுப் போகும். ஆராய்ச்சிக்காரர்கள் அந்த உருண்டையைப் பிரித்துப் பார்த்து, விருந்தாளி என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுகிறார்கள். ஓட்டல் பில் மாதிரி! மானாவாரிப் பயிரைக் கடிக்கிற பூச்சியை இலவசமாகப் பிடித்துத் தருகிற ஆளுக்கு நாம் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

பி.காம். படித்தவனுக்குப் பருந்தோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. இது முழுக்க முழுக்கக் கணக்கு சமாச்சாரம்.

வெயிலில் தரை சூடாகும்போது வெந்நீர் கொப்புளிப்பது போல வெப்பக் காற்று மேலே எழும். பருந்து அதற்குள் புகுந்து, இறக்கையை விரித்தபடி வட்டமடித்தே உயரத்துக்குப் போய்விடும். அங்கிருந்து சரிந்து அடுத்த காற்றுத் தூணைப் பிடிக்கும். லிஃப்ட்டில் ஏறி சறுக்கு மரத்தில் இறங்குகிற கதை! மலை இருந்தால் இன்னும் வசதி. காற்று மலைச்சரிவில் மோதி மேல்நோக்கித் திரும்பும். தென்காசிக் கோபுர வாசலில் நின்று காற்றிடம் தள்ளு வாங்கியவர்களுக்கு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற அதன் பலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி மலைமேல் எழும்புகிற காற்றில் ஏறிக்கொண்டால் இறக்கையடிக்காமலே மைல் கணக்கில் போகலாம். உலகத்தில் பல ஊர்களில் மலை உச்சியில் உட்கார்ந்து, போகிற பருந்துகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்களே, அதன் ரகசியம் இதுதான்.

எண்ணி என்ன ஆகப் போகிறது என்கிறீர்களா? ஒரு கதை கேளுங்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுண்டன் என்று ஒரு மலை. பெயரே பருந்து மலை. அந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் துப்பாக்கியோடு ஜனங்கள் அங்கே ஏறிவிடுவார்கள். தாழப் பறக்கிற பருந்துகளைச் சுட்டுத் தள்ளுவதுதான் பொழுதுபோக்கு. போதாக்குறைக்கு 1929-ல் ஒரு வகைப் பருந்தைக் கொன்று காட்டினால் ஐந்து டாலர் பரிசு என்று அரசாங்கமே அறிவித்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய ரோஸலி எட்ஜ் என்ற நியூயார்க் பெண்மணி இதைக் கேள்விப்பட்டார். மனு எழுதிக் காத்திருக்கவில்லை. 1934-ல் மலையையே, சுமார் 1,400 ஏக்கரை, குத்தகைக்கு எடுத்துவிட்டார்! பிறகு விலைக்கே வாங்கினார். மாரிஸ் ப்ரோன் என்பவரைக் காவலுக்கு வைத்தார்.

ப்ரோன் வெறுமனே காவல் காக்கவில்லை. பாறை மேல் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு பறவையையும் எண்ணி நோட்டில் எழுதினார். பைத்தியக்கார வேலை என்றுதான் பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் வருஷங்கள் போகப்போக அந்த நோட்டு பேச ஆரம்பித்தது. 1935 முதல் 1939 வரை, அந்த வழியாகப் போன வெண்தலைக் கழுகுகளில் 100-க்கு 40 இளம் கழுகுகள். 1955 முதல் 1959 வரை பார்த்தால் 20-தான். பெரியவை பறக்கின்றன, பிள்ளைகளைக் காணோம்! ரேச்சல் கார்சன் 1962-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில், பூச்சிமருந்து டி.டி.டி.க்கு எதிரான சாட்சியங்களில் ஒன்றாக இந்தக் கணக்கையும் வைத்தார். 1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. அழிவின் விளிம்பில் நின்ற வெண்தலைக் கழுகு மீண்டு வந்து, 2007-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்தே வெளியேறியது. அந்தப் பாறையில் இன்றைக்கும் எண்ணுகிறார்கள்.

நம் நாட்டுக் கதையும் உண்டு. பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு ஒரு காலத்தில் இந்தியாவில் கோடிக்கணக்கில் இருந்ததாக மதிப்பீடு. எங்கும் இருந்ததால் யாரும் எண்ணவில்லை. ஆனால் ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் என்ற விஞ்ஞானி 1980களிலேயே அதன் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களின் பிற்பகுதியில் மறுபடி எண்ணினால் பாதிக்கு மேல் காணோம். அதற்கப்புறம்தான் நாடே விழித்துக்கொண்டு தேடியது. மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் மருந்துதான் எமன் என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் இந்தியா அதை மாடுகளுக்குப் போடக் கூடாது என்று தடுத்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிச்சம். அந்தப் பழைய கணக்கும் இல்லாதிருந்தால்? செத்தது எத்தனை என்றே தெரியாமல் கருமாதி நடந்திருக்கும்.

நாகாலாந்தில் பாங்டி என்ற கிராமம். அதை ஒட்டி தோயாங் நீர்த்தேக்கம். ஐப்பசி வாக்கில் அமூர் வல்லூறு என்ற குட்டிப் பருந்துகள் லட்சக்கணக்கில் அங்கே வந்து இறங்கும். 2012-ல் அந்த ஒரே சீஸனில் ஒரு லட்சத்துக்கும் மேல் வலைபோட்டுப் பிடித்துக் கொன்றார்கள் என்ற கணக்கு வெளியே வந்ததும் நாடு அதிர்ந்தது. அடுத்த வருஷமே கிராம சபைகள் கூடி வேட்டையை நிறுத்தின. 2013 நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் சின்னக் கருவி மாட்டி, நாகா, வோக்கா, பாங்டி என்று பெயரிட்டு அனுப்பினார்கள். அவை இந்தியாவைக் குறுக்கே தாண்டி, அரபிக்கடலைக் கடந்து ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தன. நேற்று வரை குழம்பில் கிடந்த பறவைக்கு இன்று ஊர்ப் பெயரே வைத்தாகிவிட்டது!

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பூனைப் பருந்தை எண்ண மலை ஏற வேண்டியதில்லை. அது பகலெல்லாம் காடு கரை என்று தனித்தனியாக மேய்ந்துவிட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் ஒரே புல்வெளிக்குக் கூட்டமாக வந்து சேரும். மரத்தில் அடையாது. தரையில், புல்லுக்குள் படுத்துத் தூங்கும். பருந்து தரையில் படுக்குமா என்று அண்ணாச்சி நம்பவே இல்லை. குஜராத்தில் வேளாவதார் புல்வெளியில் இப்படி ஆயிரக்கணக்கில் கூடுவதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள்.

எண்ணும் முறை சுலபம். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய், புல்வெளியின் நாலு பக்கமும் தள்ளி நாலு பேர் உட்கார வேண்டும். அவரவர் திசையில் வருகிறதை மட்டும் எழுத வேண்டும். ஒரே பறவையை இரண்டு பேர் எழுதினால் இரட்டைப் பதிவு. ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். மறுநாள் விடியற்காலை அவை கிளம்பும்போது இன்னொரு தடவை எண்ணினால் நேற்றைய வரவோடு சரிபார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் இனிமேல்தான். அந்தப் புல்வெளிக்கு அரசாங்க ரிக்கார்டில் என்ன பெயர் தெரியுமா? தரிசு! உபயோகமில்லாத நிலம் என்று அர்த்தம். தரிசு என்றால் யாருக்கும் உறுத்தாது. ஒரு பக்கம் வெள்ளைக் கல் நட்டு, கலர்க் கொடி கட்டி, நகர் என்று போர்டு வைப்பார்கள். இன்னொரு பக்கம் சூரிய மின்தகடுகள். நல்ல மனசுக்காரர்கள் வந்தால் மரக்கன்று நட்டு, புல்வெளியைத் தோப்பாக்கிவிட்டு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மரம் நடுவது புண்ணியம்தான். ஆனால் அடுத்தவர் படுக்கையில் கொண்டுபோய் நடலாமா? படுக்கை போனால் பருந்தும் போகும். ஆந்திராவின் ரோல்லபாடு புல்வெளியில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் அடைந்த பூனைப் பருந்துகள் பிற்பாடு வெகுவாகக் குறைந்துபோயின. முன்னால் எண்ணி வைத்திருந்ததால்தான் குறைந்தது என்றே நமக்குத் தெரியும்.

காற்றாலையும் கட்டிடமும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த நிலத்தில் யார் குடியிருக்கிறார் என்று எழுத்தில் இருந்தால், "சும்மா கிடக்கிற பூமிதானே" என்று யாரும் சொல்ல முடியாது. வாடகை ரசீது இல்லாத குடித்தனக்காரருக்கு நோட்டுதான் பட்டா.

இதெல்லாம் படித்த விஞ்ஞானிகள் வேலை என்று ஒதுங்க வேண்டாம். 2011 முதல் ஏட்ரீ நிறுவனத்தின் மணிமுத்தாறு மையம், உள்ளூர் இயற்கை ஆர்வலர்களோடு சேர்ந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. பொங்கலை ஒட்டிய நாட்களில் கல்லூரி மாணவர்கள், வாத்தியார்கள், உத்தியோகஸ்தர்கள் என்று பலரும் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். குளத்துக்கு மேலே தாழ்வாகச் சுற்றும் சேற்றுப் பூனைப் பருந்தை அவர்களைக் கேட்டால் காட்டிவிடுவார்கள்.

அடையாளம் தெரியாதே என்று கவலை வேண்டாம். கரும்பருந்துக்கு வால் நுனி பிளவுபட்டிருக்கும். கோயில் பக்கம் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்துக்கு வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு, வட்டமான வால். இரண்டும் இல்லாமல், நீண்ட வாலும் ஒடிசலான உடம்புமாக, இறக்கையை லேசாக மேல்நோக்கித் தூக்கியபடி, வயலுக்கு மேலே ஆள் உயரத்தில் தேடிக்கொண்டே போகிறதா? முகம் ஆந்தை மாதிரி வட்டமாக இருக்கிறதா? அதுதான் நம் விருந்தாளி. கிட்டே போகாதீர்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். புல்லுக்குத் தீ வைக்கிறவரைக் கண்டால் கெஞ்சியாவது தடுங்கள்.

நோட்டில் நாலு கட்டம் போதும். தேதி, இடம், நேரம், எண்ணிக்கை. ஒரு மணி நேரம் உட்கார்ந்தும் ஒன்றுகூட வரவில்லையென்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் 'நில் ரிட்டர்ன்' போடுகிறோம் இல்லையா? எழுதாமல் விட்ட நாளுக்கு மதிப்பில்லை. எழுதிய பூஜ்யத்துக்கு உண்டு. ஒரு வருஷக் கணக்கை வைத்து யாரும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. பத்து வருஷம் தொடர்ந்து எழுதினால் அது கோர்ட்டுக்கே போகும்.

சாரல் சீஸனில் எத்தனை பஸ், எத்தனை கார், எத்தனை தலை என்று குற்றாலத்தில் எல்லோருக்கும் கணக்கு அத்துப்படி. மூணாவது சீஸனுக்கும் ஒரு பேரேடு திறந்தால் என்ன? இந்தப் புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், உங்கள் ஊர்க் குளத்தங்கரையிலோ புல்தரை ஓரத்திலோ போய் உட்காருங்கள். தேதியை மட்டும் மறக்காமல் போடுங்கள். மற்றதை வருகிற விருந்தாளிகள் பார்த்துக்கொள்வார்கள்.