எரிபொருள் தீர்ந்த விமானமும் பிரயாணியின் உரிமையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய சீனக்குடாவிலே ஆங்கிலேயர் தம் கடற்படைக்கென எழுப்பிய பிரமாண்டமான எண்ணெய்த் தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. எனினும் 2022ஆம் ஆண்டிலே அருகேயுள்ள சாம்பல்தீவுக் குடும்பங்களும் ஏனைய இலங்கையரைப் போலவே எரிபொருளுக்கு வரிசையில் நின்றன. அதே தட்டுப்பாட்டினால் அவ்வாண்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட சில நெடுந்தூர விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. அத்தாமதம் பிரயாணிகளுக்குத் தொல்லையாக இருந்திருக்கலாம்; ஆயினும் அவர்களுடைய பிராணனைக் காத்த ஏற்பாடு அதுவே என்பதை ஒரு பழைய சம்பவம் தெளிவாக்கும்.

1993ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி, சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-300 விமானம், அங்கே பார்வைத்தூரம் குறைந்திருந்தமையால் தரையிறங்காது மீண்டும் மேலெழுந்தது. அவ்வேளையில், இறங்குவதற்கென இறக்கைகளிலிருந்து நீட்டப்பட்டிருந்த ஃபிளாப் எனப்படும் தகடுகள் உள்ளே மடங்க மறுத்துவிட்டன. நீட்டிய தகடுகளோடு பறக்கும் விமானம் காற்றின் எதிர்ப்பை மிகுதியாகச் சுமக்கும்; வேகம் குறையும், எரிபொருட்செலவோ பன்மடங்கு பெருகும். அந்நிலையிலேயே சென்னைக்குத் திரும்பும் தீர்மானம் எடுக்கப்பட்டது. வழக்கமான கணக்கின்படி போதுமானதாயிருந்த எரிபொருள் பாதிவழியிலே வற்றிப்போக, விமானம் திருப்பதிக்கு அருகே ஒரு நெல்வயலில் இறங்கியது. அதிலிருந்த 262 பேரும் உயிர் தப்பினர். விமானமோ மீண்டும் பறக்கவில்லை. சேற்று வயல் கிடைத்ததைப் பாக்கியம் என்று சொல்லி அமைந்துவிடலாகாது. எரிபொருள் திடீரென்று தீர்வதில்லை, நிமிஷத்துக்கு நிமிஷம் மானியில் குறைந்துகொண்டே வருகிறது என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

அந்தப் பாக்கியம் எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1990 ஜனவரியில் நியூயோர்க்குக்கு அருகே விழுந்த அவியாங்கா விமானத்தின் ஓட்டிகள், எரிபொருள் குறைகிறது என்றும் முன்னுரிமை வேண்டும் என்றும் கேட்டார்களேயன்றி, அவசரநிலை என்று அறிவிக்கவில்லை. 73 பேர் மாண்டனர். 2016 நவம்பரில் கொலம்பியாவில் விழுந்த லாமியா விமானமோ, பறக்கவேண்டிய நேரத்துக்கு மட்டுமே போதுமான எரிபொருளோடு, சேமிப்பு யாதுமின்றிப் புறப்பட்டது; 71 பேர் இறந்தனர். இதனை விபத்தென்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. சர்வதேச விதியோ தெளிவானது: போய்ச்சேரும் இடத்துக்கும், அங்கு இறங்க இயலாவிடின் மாற்று நிலையத்துக்கும் வேண்டிய எரிபொருளோடு, மேலும் 30 நிமிஷம் பறக்கக்கூடிய இறுதிச் சேமிப்பும் ஜெட் விமானத்தில் இருத்தல் வேண்டும். ஆகவே, எரிபொருளுக்காக வேறொரு நிலையத்தில் இறங்குவதாக விமானி அறிவிக்கும்போது, பணியாளரோடு வாதாடி அவரை நிர்ப்பந்திப்பது நமக்கு நாமே இழைக்கும் தீங்காகும்.

அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால் பரிகாரம் உண்டு. இலங்கையும் இந்தியாவும் வளைகுடா நாடுகளும் ஏற்றுக்கொண்டுள்ள 1999ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்படி, சர்வதேச விமானத்தில் விபத்தினால் மரணமோ உடற்காயமோ நேரின், நிரூபிக்கப்பட்ட நட்டத்துக்கு 1,51,880 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் வரையில், அதாவது ஏறக்குறைய 2 இலட்சம் அமெரிக்க டொலர் வரையில், தன்மீது குற்றமில்லை என்று கூறி விமானக் கம்பெனி பொறுப்பை மறுக்க இயலாது. அதற்கு மேற்பட்ட தொகையை மறுக்க வேண்டுமாயின், தன் கவனக்குறைவு காரணமல்ல என்பதைக் கம்பெனியே நிரூபிக்கவேண்டும். வற்றிய தாங்கியோடு விழுந்த விமானத்தின் சொந்தக்காரருக்கு அது எளிதான காரியமன்று. பொறுப்பைக் குறைக்கும் நிபந்தனையைப் பயணச்சீட்டிலே அச்சிட்டிருந்தாலும் அது செல்லாது. பிரயாணியின் நிரந்தர வாசஸ்தலம் இலங்கையாகவும், அக்கம்பெனி இங்கு சேவை நடத்துவதாகவும் இருப்பின், இந்நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆனால் 2 ஆண்டுகளுக்குள் வழக்கிடாவிடின் உரிமை முற்றாக அற்றுப்போகும்.

துக்கத்தில் ஆழ்ந்திருக்கும் வீட்டுக்குக் கம்பெனியின் பிரதிநிதி முற்பணத்தோடும் ஒரு பத்திரத்தோடும் வரக்கூடும். முற்பணத்தைப் பெறுவதால் மீதி உரிமை போய்விடாது. ஆனால் இனிக் கோரிக்கை யாதுமில்லை என்று எழுதிய பத்திரத்தில் ஒப்பமிட்டால் போய்விடலாம். ஆதலால் வெளிநாடு செல்லும் பிள்ளையின் பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, தொழில் ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதிகளைப் புறப்படுமுன் வீட்டிலே வாங்கி வையுங்கள்; சட்டத்தரணி ஒருவர் வாசித்து விளக்கும்வரை எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடாதீர்கள்.