இணையத்தைப் படிக்கும் இயந்திரமும் சீத்தா கேம்பும்

மும்பையின் சீத்தா கேம்ப் எப்படி உருவானது என்று கைப்பேசியில் கேட்டால் பதில் வந்துவிடுகிறது: நெருக்கடிநிலையின்போது, 1976 மே மாதம், பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை இடித்து, ஏறக்குறைய 70,000 பேரை டிராம்பே சதுப்புக்கு அனுப்பினார்கள்; அந்தச் சதுப்புதான் சீத்தா கேம்ப் ஆனது. இயந்திரத்துக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதுவே படித்துத் தெரிந்துகொண்டது.

இப்படிப் படிக்கவைக்கும் பெரிய முயற்சி ஒன்று 2010 ஜனவரியில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. டாம் மிட்செல் குழுவினர் 'நெல்' என்ற நிரலை இரவுபகலாக இணையத்தில் ஓடவிட்டார்கள். நகரம், நிறுவனம் என்று சில நூறு வகைகள், வகைக்குப் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகள்; கையில் கொடுத்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அது கற்ற விதத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். சென்னை, மதுரை நகரங்கள் என்று அதற்குத் தெரியும். 'மதுரை போன்ற நகரங்களில்' என்ற தொடர் அடிக்கடி கண்ணில் படுகிறது. அடுத்து 'புனே போன்ற நகரங்களில்' என்று கண்டால் புனேயும் நகரப் பட்டியலில் சேரும். புனே வரும் வாக்கியங்களிலிருந்து புதுத் தொடர்கள் கிடைக்கும். அவற்றால் இன்னும் பல ஊர்கள். நகரம் மனிதராக இருக்க முடியாது என்பது போன்ற விதிகள் தவறுகளைத் தடுக்கும்.

அப்படியும் சறுக்கியது. பிரவுசர் 'குக்கீ'யை பேக்கரிப் பண்டம் என்று நம்பியது. குக்கீயை அழிப்பதுபோல கம்ப்யூட்டர் ஃபைலையும் அழிக்கிறார்களே, ஆகவே ஃபைலும் பேக்கரிப் பண்டம்! மனிதர்கள்தான் திருத்தினார்கள்.

இன்றைய மொழி மாதிரிகளுக்குப் பட்டியல் தேவையில்லை. அடுத்த சொல் எதுவென்று கணித்துக் கணித்தே கற்கின்றன. ஆனால் அவையும் எழுதிவைத்ததைத்தான் படிக்க முடியும். அவற்றுக்குத் தீனியாகும் காமன் கிரால் என்ற இணையத் திரட்டில் ஆங்கிலம் பாதிக்குச் சற்றே குறைவு. தமிழ் 0.1 சதவீதம்கூட இல்லை.

இந்த இடைவெளி சீத்தா கேம்புக்கு நேரடி இழப்பு. ஜனதா காலனி மக்களைத் திரட்டிப் போராடிய, கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதத்தைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய உண்டு. 2011இல் பத்மஸ்ரீ பெற்றவர். அந்தச் சேற்றில் வீடு எழுப்பிய மற்ற தமிழ்க் குடும்பங்கள் பட்டதைத் தமிழில் எங்கே படிப்பது? அன்று இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது. தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாம் என்றால், அதுவும் வெளியான ஆதாரத்தைத்தான் கேட்கும். எனவே சீத்தா கேம்பின் கல்லூரிப் பிள்ளைகள் முதலில் தாத்தா பாட்டிகளின் பேச்சைப் பதிவு செய்து, எழுதி, அச்சிட வேண்டும். இந்த விடுமுறையிலேயே தொடங்கலாம்.