குடிநீர்ப் புளோரைடு சேர்ப்பு

குடிநீர்ப் புளோரைடு சேர்ப்பு என்பது பற்சொத்தையைக் குறைக்கும் நோக்குடன் பொதுக் குடிநீரில் புளோரைடின் அளவைச் சீர்செய்யும் முறை ஆகும். பொதுவாக ஒரு லிட்டர் நீரில் 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை புளோரைடு இருக்குமாறு இது செய்யப்படுகிறது. இந்தியாவில் இம்முறை நடைமுறையில் இல்லை. மணியாச்சி, கோவில்பட்டி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய தூத்துக்குடி மாவட்டத்தின் வறண்ட பகுதியில் சிக்கல் இதற்கு நேர்மாறானது. அங்கு சில இடங்களில் நிலத்தடி நீரிலிருந்து புளோரைடை அகற்ற வேண்டியுள்ளது.

செயற்படும் விதம்

பற்களின் மேல் படியும் படலத்தில் ஸ்டிரெப்டோகாக்கசு மியூட்டன்சு முதலிய பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவை சர்க்கரையை நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலத்தை உருவாக்குகின்றன. அமிலம் மிகுந்து பி.எச் மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது பற்சிப்பியிலுள்ள கனிமம் கரையத் தொடங்குகிறது. உமிழ்நீரில் சிறிதளவு புளோரைடு இருப்பின் கரைந்த கனிமம் மீண்டும் விரைவாகப் படிகிறது. அவ்வாறு படிவது அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும். புளோரைடு பாக்டீரியாவினுள் புகுந்து ஈனோலேசு என்னும் நொதியைத் தடுப்பதும் உண்டு. ஆயினும் குடிநீரிலுள்ள அளவில் இவ்விளைவு மிகச் சிறியது. ஆகவே இந்நீரைக் கிருமிநாசினி எனக் கருதுவது பொருந்தாது.

வரலாறு

1945ல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்சு நகரில் இம்முறை முதன்முதலில் தொடங்கப்பட்டது. தமிழர் வாழும் சிங்கப்பூரில் 1950களின் பிற்பகுதியில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. புளோரைடு கலந்த பற்பசை பரவிய பின் நீரில் சேர்ப்பதன் பயன் முன்பைவிடக் குறைந்துவிட்டதாக 2024ல் வெளிவந்த காக்ரேன் மீளாய்வு கூறுகிறது. அமெரிக்காவின் யூட்டா, புளோரிடா மாநிலங்கள் 2025ல் இதனைத் தடை செய்தன.

வறண்ட நிலமும் புளோரைடும்

தமிழகத்தின் உள்நாட்டு வறண்ட பகுதிகளில் கடினப் பாறைகளிலுள்ள அபடைட்டு, பயோட்டைட்டு முதலிய கனிமங்களிலிருந்து புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. மழை குறைவு, ஆவியாதல் மிகுதி. ஆழ்துளைக் கிணற்று நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கியிருக்கும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த காரநீரில் புளோரைடு மேலும் கூடும். இந்தியத் தரநிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதவிடத்து 1.5 வரை அனுமதி உண்டு. இதைத் தாண்டிய நீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடிக்கும் சிறுவர்களின் நிலைப்பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றும். தேய்த்தால் இக்கறை போகாது. அளவு மிக அதிகமாயின் பல ஆண்டுகளில் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். இந்தியாவில் இந்நோய் 1937ல் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது.

அகற்றும் முறைகள்

படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் படியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூரிலுள்ள நீரி நிறுவனம் உருவாக்கியது. செலவு குறைவு, ஆனால் படிகாரத்தின் அளவை நாள்தோறும் கவனிக்க ஆள் வேண்டும். எனவே ஆற்றுநீரைக் கொண்டுவருவதே நிலையான வழி எனலாம். தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கிவைக்கப்பட்டது. கோவில்பட்டிக்குத் தாமிரபரணி நீர் குழாய்வழி வருகிறது.

நீரைக் கொதிக்கவைத்தால் புளோரைடு நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். மழைநீரில் புளோரைடு மிகக் குறைவு.