இழவுப் பாட்டைக் கண்டு ஓர் அரசு பயந்தது தெரியுமா?

கவச வண்டி, கண்ணீர்ப்புகை, தூக்குமேடை எல்லாம் வைத்திருந்த அரசு, சாவுக்குப் பாடும் பாட்டைப் பார்த்து மிரண்டது தெரியுமா? நிறவெறி ஆண்ட தென்னாப்பிரிக்காவில்தான்!

1976 சொவேட்டோ மாணவர் எழுச்சிக்குப் பிறகு திறந்தவெளிக் கூட்டங்களுக்குத் தடை போட்டார்கள். விலக்கு எதற்கெல்லாம் தெரியுமா? விளையாட்டுக்கு... அப்புறம் சவ அடக்கத்துக்கு! விடுவார்களா மக்கள்? கூடுவதற்கு மயானம் போதுமே!

அந்தச் சடங்குகளில் பாடிய 'சென்ஸெனி நா' பாட்டைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 'நாங்கள் என்ன செய்தோம்?' என்று பொருள். அந்தப் பாட்டின் சொற்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்! அதையே திரும்பத் திரும்ப, குரல் மேல் குரல் அடுக்கிப் பாடுவார்கள். வசவு இல்லை, சவால் இல்லை. எதிரே துப்பாக்கியோடு நிற்கும் போலீஸ்காரரும் கேட்டுத்தானே ஆக வேண்டும்!

1977இல் காவலில் மாண்ட நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிகோவுக்கு வயது 30தான்! அடக்கத்துக்கு வந்தவர்களோ பல்லாயிரம் பேர்!

1985 ஜூலை 20. கொல்லப்பட்ட 4 போராளிகளுக்குக் கிரடாக் ஊரில் இறுதிச் சடங்கு. அன்றே நெருக்கடி நிலை அறிவிப்பு! அதே மாதம் சாவுக்கும் சட்டம் வந்தது. ஒரு சடங்கில் ஒரே ஒரு பிணம்தான்! கொடி கூடாது! போதகர் தவிர யாரும் பேசக் கூடாது! இழவு வீட்டுக்கு இத்தனை விதியா?

இதைக் கேளுங்கள்! வுயிசிலே மினி, நிறவெறியை எதிர்த்த தொழிற்சங்கத் தலைவர். கனத்த அடித்தொண்டைக் குரல். பிரதமர் வெர்வூர்டையே பெயர் சொல்லி எச்சரித்துப் பாட்டுக் கட்டியவர்! 1964 நவம்பர் 6, பிரிட்டோரியா சிறை. தூக்குமேடைக்கு எப்படிப் போனார் தெரியுமா? பாடிக்கொண்டே! தன் சாவுக்குத் தானே பாடிய மனிதர்! உடலையாவது குடும்பத்துக்குக் கொடுத்தார்களா? இல்லை, அநாதைப் பிணம்போல் புதைத்துவிட்டார்கள்!

34 வருஷம் கழித்து, 1998இல், அந்தக் குழியைத் தோண்டினார்கள். எலும்புகள் போர்ட் எலிசபெத்துக்கு வந்தன. மறு அடக்கம், முழு மரியாதையோடு! 2002இல் வெளிவந்த 'அமாண்ட்லா!' ஆவணப்படம் எந்தக் காட்சியில் தொடங்குகிறது என்கிறீர்கள்? மினியின் எலும்புகளைத் தோண்டி எடுக்கும் அந்தக் காட்சியில்தான்!