சேமித்த லிங்க் எங்கே போயிற்று?

மஸ்கெலியா நகரத்துத் தேநீர்க் கடை ஒன்றில் பிளேன்டீக்குக் காத்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. கேட்டவள் உயர்தரம் படிக்கும் பிள்ளை. போனை என் பக்கம் நீட்டினாள். "சேர், லிங்க்க சேவ் பண்ணித்தான் வச்சிருந்தேன். இப்ப அமத்தினா ஒண்ணுமே வருதில்ல. போன்ல ஏதும் பிழையா?" கடந்தகால வினாத்தாள்களை யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்து வைத்திருந்த தளம் அது. பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம்.

போனில் பிழையில்லை, பிள்ளை மேலும் பிழையில்லை. ஒரே சொல் நம் எல்லோரையும் ஏமாற்றி வைத்திருக்கிறது. பிளேன்டீ ஆறுவதற்குள் அதை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம்.

லிங்க் என்பது ஒரு முகவரி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு முகவரியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாமல், கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து அங்கிருந்து கைமாறிப் போகும் வழக்கம் பல இடங்களில் இன்னும் முடிந்துவிடவில்லை. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட கடிதம் நேர்முகம் முடிந்தபின் கைக்கு வந்த கதை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் ஒன்று கிடைக்கும்.

இணையத்திலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். லிங்க்கின் முற்பகுதியில் தளத்தின் பெயர் இருக்கும். அதைத் தோட்டத்தின் பெயர் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் சாய்கோடு போட்டுப் போட்டு வருபவை டிவிசன், லயம், காம்பிரா. நாம் லிங்க்கை அமத்தியதும் போன் அந்தத் தோட்டத்து ஆபீசைத் தேடிப் போகிறது. ஆபீஸ் என்பது எங்கோ ஒரு கட்டிடத்தில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் கணினி, சர்வர் என்பார்கள். "இந்தக் காம்பிராவில் இருப்பதைக் கொடுங்கள்" என்று போன் கேட்கிறது. சர்வர் எடுத்து அனுப்புகிறது, நாம் படிக்கிறோம். நாளைக்கு மறுபடி அமத்தினால் மறுபடி முதலிலிருந்து போய்க் கேட்கும்.

'சேவ்' என்ற சொல் நம்மை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். படத்தை சேவ் பண்ணினால் படம் நம் போனுக்குள் வந்துவிடுகிறது. டேட்டா முடிந்தாலும் பார்க்கலாம். லிங்க்கை சேவ் பண்ணினால் வருவது முகவரி எழுதிய துண்டுச்சீட்டு மட்டும். வினாத்தாள் அதன் சொந்தக்காரருடைய சர்வரில்தான் இருந்தது. அவர் தளத்துக்கான வருடக் கட்டணத்தைக் கட்ட மறந்திருக்கலாம், அலுத்துப்போய் மூடியிருக்கலாம். சீட்டு பத்திரமாக நம் சட்டைப்பையில் இருக்கிறது, வீட்டைத்தான் காணோம்.

மஸ்கெலியாக்காரர்களுக்கு இது புதிய செய்தியா என்ன? 1969-ல் மவுசாகலை அணைக்கட்டு முடிந்து நீர் ஏறியபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் போனது. கடைவீதியும் கோவிலும் பள்ளிவாசலும் தண்ணீருக்கடியில். ஊர் மேட்டுக்கு வந்து அதே பெயரோடு குடியேறியது. பழைய கடைவீதிக்கு எழுதிய முகவரி ஒன்று ஒரு பழைய கடித உறையில் இன்றும் பிழையில்லாமல் இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு எந்தக் கதவைத் தட்டுவது? கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவில் வெளியே தலைகாட்டுகிறது. பார்க்கப் பஸ் ஏறி வருகிறார்கள். மழை வந்ததும் மறுபடி உள்ளே போய்விடுகிறது.

தொலைவதிலும் இரண்டு விதம் உண்டு. '404' என்று எண் காட்டினால் தோட்டமும் ஆபீசும் இருக்கின்றன, காம்பிராதான் இல்லை என்று பொருள். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கணக்கப்பிள்ளை சொல்வது போல. பக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பதால் தளத்தின் முகப்புக்குப் போய்த் தேடுவதில் பயனுண்டு. தளத்தையே அடைய முடியவில்லை என்றும், இணையத் தொடர்பு சரியாகத்தான் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அநேகமாகத் தோட்டமே போயிருக்கும்.

இது அபூர்வமாக நடப்பதும் அல்ல. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தே ஆண்டுகளில் எட்டாமல் போய்விட்டன. லயத்துத் தகரம்கூட அதைவிட நாள் தாங்கும்.

சரி, முகவரியையாவது ஒழுங்காக எழுதி வைக்கிறோமா? வாட்சப் குழுவில் வந்த லிங்க்கை 'பிறகு பார்ப்போம்' என்று விடுகிறோம். அதற்கு மேல் நூறு காலை வணக்கம் ஏறிவிடுகிறது. கொஞ்சம் கவனமானவர்கள் ஃபோல்டர் போட்டு அடுக்குகிறார்கள். ஃபோல்டரில் ஒரு சங்கடம் உண்டு. ஸ்டோரில் தேயிலைத் தூளை ரகம் ரகமாகச் சலிப்பதைப் பார்த்திருப்போம். பி.ஓ.பி. குவியலுக்குப் போன தூள் டஸ்ட் குவியலில் இருக்காது. ஒன்றுக்கு ஒரு குவியல்தான். சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றிய ஒரு கட்டுரையை 'இலக்கியம்' ஃபோல்டரில் போடுவதா, 'தொழிற்சங்க வரலாறு' ஃபோல்டரில் போடுவதா? அவர் இரண்டுக்கும் உரியவர்.

இதற்கு வந்த மாற்றுத்தான் குறிச்சொல். டேக் என்று சொல்வதும் அதைத்தான். தோட்டத்தில் ஒருவருக்கு எத்தனை பெயர்! கவ்வாத்துக்காரர், மேல் லயத்துக் கடைசி வீட்டுக்காரர், கோவில் கமிட்டிப் பொருளாளர், மீனாவின் தாத்தா. எந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தாலும் அதே மனிதரிடம்தான் கொண்டுபோய் விடுவார்கள். ஒரு லிங்க்குக்கும் அப்படி நாலைந்து பெயர் ஒட்டி வைத்தால் எந்த வழியாகத் தேடினாலும் வந்து சேரலாம்.

இதைப் பொதுவில் செய்து காட்டி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது 2003-ல் ஜோஷுவா ஷாக்டர் தொடங்கிய டெலிஷியஸ் என்ற தளம். அவரவர் லிங்க்குகளை அவரவர் குறிச்சொல்லோடு அங்கே எல்லோரும் பார்க்க வைத்தார்கள். ஒரே குறிச்சொல்லை அமத்தினால் அதே ஆசையுள்ள முகம் தெரியாத மனிதர்கள் சேர்த்ததெல்லாம் வந்து நின்றது. நூலகர் வகுத்துக் கொடுக்காமல் மக்களே வகுத்துக்கொள்ளும் இந்த முறைக்கு 2004-ல் தாமஸ் வாண்டர் வால் 'ஃபோக்சானமி' என்று பெயர் வைத்தார். ஊர்வழக்கு வகைப்பாடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

ஊர்வழக்கு என்றாலே ஊருக்கொரு வழக்குத்தானே. நம் விஷயத்தையே எடுப்போம். ஒருவர் 'மலையகம்' என்று குறிக்கிறார். இன்னொருவர் 'மலைநாடு' என்கிறார். வேறொருவர் 'தோட்டப்புறம்', நாலாமவர் குடிசனமதிப்பில் நெடுங்காலம் இருந்தபடி 'இந்தியத் தமிழர்', ஐந்தாமவர் ஆங்கில எழுத்தில். கணினிக்கு இவை ஐந்தும் உறவே இல்லாத ஐந்து சொற்கள். எழுதுபவரின் அரசியலும் அந்தச் சொல்லுக்குள் இருப்பதால் எல்லோரும் ஒரே சொல்லுக்கு வரும்படி கேட்கவும் முடியாது, கேட்கவும் கூடாது என்பது என் கட்சி. மலையக மக்கள் இலங்கைக்கு வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 யூலை, ஓகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அப்போது 'மலையகம் 200' என்ற குறி பலருடைய எழுத்தையும் படத்தையும் ஒரே கயிற்றில் கோத்தது. முன்கூட்டிப் பேசி வைத்த சொல்லுக்கு அந்தப் பலம் உண்டு. உங்கள் பாடசாலைக் குழுவும் 'பாடம், தரம், ஆண்டு' என்று மூன்றே சொற்களுக்கு உடன்பட்டால் போதும், பாதித் தேடல் மிச்சம்.

தமிழில் இந்தப் பழக்கம் நன்றாகவே ஓடியிருக்கிறது. 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்டியது. தமிழிஷ் என்று தொடங்கிப் பிறகு இன்ட்லி ஆன தளத்தில் வாசகர்கள் லிங்க்குகளைக் கொண்டுவந்து போட்டு வாக்கும் அளித்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் எழுதியதை டொரன்டோவில் இருப்பவர் அன்றே படித்துச் சண்டையும் போட்டார். இன்று அந்த முற்றங்களில் சந்தடி இல்லை. விசித்திரம் என்னவென்றால், அங்கே திரட்டப்பட்ட பதிவுகளில் பல இன்னும் அவற்றின் சொந்த வீட்டில் இருக்கின்றன, போகும் வழிதான் அழிந்துபோயிற்று. வீடு போய்ச் சீட்டு மிஞ்சியது நம் பிள்ளையின் கதை. இது வீடு மிஞ்சிச் சீட்டுப் போன கதை.

பெரிய நிறுவனங்களின் கையில் கொடுத்த சீட்டுப் புத்தகத்துக்கும் உத்தரவாதமில்லை. டெலிஷியசை 2005-ல் யாஹூ வாங்கியது. பிறகு கைமாறிக் கைமாறி 2017-ல் 35,000 டொலருக்குப் போட்டியாளரான பின்போர்ட் வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது. 'பிறகு படிக்க' என்று கோடிக்கணக்கில் லிங்க்குகள் சேர்ந்திருந்த பொக்கெட்டை மொசில்லா 2025 யூலையில் மூடியது.

வீட்டையும் சீட்டையும் சேர்த்தே காப்பாற்றும் வழி நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2005-ல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் புத்தகம் எங்கே இருக்கிறது என்று எழுதி வைப்பதோடு நிற்பதில்லை. பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணிப் பொருளையே வைத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆசிரியர், ஆண்டு, வகை என்று குறிப்புகள். பல்லாயிரம் ஆவணங்கள், மலையகத்தின் நூல்களும் சஞ்சிகைகளும் அவற்றுள் அடக்கம். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம் ஒரே பிரதியை நம்பாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

நம்மால் ஆகக்கூடியதும் அதன் சிறிய வடிவம்தான். முக்கியமான பக்கத்தை பி.டி.எஃப். ஆக இறக்கி வையுங்கள். இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் பக்கத்தைச் சேமிக்கும் பெட்டியில் லிங்க்கை ஒட்டினால் அது அன்றைய பக்கத்துக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கும், காசு கேட்காது. ஃபேஸ்புக் பதிவுகளுக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். அவற்றை ஸ்கிரீன்ஷொட் எடுப்பதே மேல்.

பகிரும்போது வெறும் லிங்க்கை வீசாமல், இது என்ன, யாருடையது, எந்த ஆண்டு என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். லிங்க் செத்தாலும் அந்த வரியை வைத்து வேறிடத்தில் தேடலாம். முன்பின் தெரியாத லிங்க் வந்தால், முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் தளப் பெயரின் வாலைப் பாருங்கள். பெரும்பாலான அரச தளங்கள் 'கவ் டொட் எல்கே' என்று முடியும். அரசாங்கம் பரிசு தருகிறது என்று சொல்லிக்கொண்டு வேறு வாலோடு வருவதைத் தொடவே வேண்டாம்.

முன்பே எடுத்து வைத்த பிரதி ஏதும் இருக்கிறதா என்று அந்தப் பிள்ளையின் லிங்க்கை அங்கேயே வேபேக் மெஷினில் போட்டுப் பார்த்தோம். தளத்தின் முகப்பும் இரண்டு வினாத்தாள்களும் கிடைத்தன, மற்றவை இல்லை. கிடைத்த இரண்டையும் உடனே போனில் இறக்கிக்கொண்டாள். நீங்களும் இன்றிரவு, சேமித்து வைத்திருக்கும் லிங்க்குகளில் ஆகப் பழைய பத்தை எடுத்து ஒவ்வொன்றாக அமத்திப் பாருங்கள். திறப்பவற்றுக்கு அப்போதே பிரதி எடுத்துவிடுங்கள்.